உடைசல் டீச்சரின் வால்முத்து

மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் ரயில் பாதையின் இரண்டு பக்கமும் சல்லடை போட்டுச் சலித்தாலும், கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டதும் "ஐயோ!" என்று பதறாமல், "எங்கே, எங்கே?" என்று ஆசையாக ஓடுகிற ஒரே ஒரு மனுஷியைத்தான் அந்தக் காலத்தில் நீங்கள் கண்டுபிடித்திருக்க முடியும். அவர்தான் எங்கள் உடைசல் டீச்சர்.

அவருக்கு வேறு ஒரு நல்ல பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் மட்டும் அது உயிரோடு இருந்தது. மற்றபடி பள்ளிக்கூட ஆயா முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வரை எல்லோருக்கும் உடைசல் டீச்சர்தான். கல்யாண வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால் பெரியவர்கள் முகம் வாடிப்போகும். டீச்சர் பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து போய், சில்லைப் பொறுக்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அடடா, இன்னா அழகா வுட்டிருக்கு பாரு விரிசலு!" என்று பெண்ணின் மாமனாரிடம் காட்டுவார். அவருடைய கைப்பைக்குள் சீப்பு, பவுடர் எதுவும் கிடையாது. சோடா பாட்டில் கழுத்து, லாந்தர் சிம்னித் துண்டு, மருந்து பாட்டிலின் அடிப்பாகம், எல்லாம் பழைய துணியில் சுற்றிப் பத்திரமாக இருக்கும். ஒருமுறை ரயிலில் அந்தப் பையை அடித்துக்கொண்டு போன பிக்பாக்கெட், அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி ஓடிவந்து, விரலைச் சப்பிக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

இது நடந்தது அறுபதுகளின் கடைசியில். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போது தொழிற்பேட்டை என்ற பேச்சு மட்டும்தான் வந்திருந்தது, தொழில் வரவில்லை. எங்கள் ஊர் பொன்னேரிக்கு வடக்கே, பாசஞ்சர் வண்டி மட்டும் மனசு வைத்து நிற்கிற சின்ன ஊர். பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். சுற்றிலும் நெல் வயல், நடுவில் ஒரு ரைஸ் மில், மில்லுக்குப் பின்னால் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடம். டீச்சர் மீஞ்சூரிலிருந்து பாசஞ்சரில் வருவார். வயது எங்களைவிட ஏழெட்டுதான் அதிகம் இருக்கும். எங்களோடு சேர்ந்து புளியங்காய் தின்பார், அகப்பட்டுக்கொண்டால் எங்களைவிட வேகமாக வாயைத் துடைத்துக்கொள்வார்.

அவர் சயின்ஸ் வகுப்புக்கு வந்த முதல் வாரமே ஊரில் கலவரம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் மணி அடிக்கப் போகிற நேரத்தில், "திங்கக்கெழம வர்றப்ப ஆளுக்கு ஒரு கரண்டி வெளக்கெண்ணெ எட்டுக்கினு வாங்கடி" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார். விளக்கெண்ணெய் என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். குழந்தைகளைக் காலுக்கிடையில் இடுக்கி, மூக்கைப் பிடித்து, வாயில் ஊற்றுவார்கள். அன்று முழுக்கக் கொல்லைப்புறமே கதி. திங்கட்கிழமை வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. வந்த பாதியில் பாதிக்கு முகம் வெளிறிப்போயிருந்தது. இரண்டு அம்மாக்கள் வாசலில் நின்றுகொண்டு, "பேதி குடுக்கறதுக்கு எங்க ஊட்ல ஆளில்லியா? பள்ளிக்கூடத்துல வேற குடுக்கணுமா?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் அந்த அம்மாக்களையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். வந்த எண்ணெயை எல்லாம் ஒரு டம்ளரில் ஊற்றினார். அடுப்பில் வைத்தாலும் உடையாத லேப் கண்ணாடியில் செய்த குச்சி ஒன்றை எடுத்து எண்ணெய்க்குள் விட்டார். எண்ணெய்க்குள் போன பாகம் காணவில்லை. மேலே பாதிக் குச்சி இருக்கிறது, கீழே பாதி இல்லவே இல்லை. வெளியே எடுத்தால் முழுக் குச்சி வருகிறது.

"அடியே, மாயமா பூடுச்சுடி!" என்று ஒரு அம்மா மாரில் கையை வைத்துக்கொண்டார்.

"எங்கயும் போவல. எண்ணெயில வெளிச்சம் எப்டி வளையுதோ, இந்தக் கண்ணாடியிலயும் அதே மாரி வளையுது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாததால கண்ணு ஏமாந்து பூடுது" என்றார் டீச்சர்.

அம்மாக்கள் இரண்டு பேரும் மதியம் வரை வீட்டுக்குப் போகவில்லை. குச்சியை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது கண்ணாடி நூல். மண்ணெண்ணெயில் எரியும் புளோ லாம்ப் ஒன்று டீச்சரிடம் இருந்தது. பாத்திரத்துக்குப் பற்றவைக்கிறவர்கள் வைத்திருப்பார்களே, பம்ப் அடித்தால் 'ஹோ'வென்று நீலமாகச் சீறுமே, அது. அதை சைக்கிள் ஷெட்டில் வைத்து, ஒரு கண்ணாடிக் குச்சியின் நடுவில் காட்டினார். குச்சி சிவந்து, வெல்லப் பாகு மாதிரி தொய்ந்தது. மறு நுனியைக் குறடால் பிடித்துக்கொண்டு கன்னியம்மா நின்றாள். கன்னியம்மா பழவேற்காட்டுப் பெண். அப்பா ஏரியில் வலை போடுகிறவர். எங்கள் ஊரில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். ஓட்டப் பந்தயத்தில் அவளை யாரும் ஜெயித்ததில்லை.

"கன்னி, ஓடு!" என்றார் டீச்சர்.

கன்னியம்மா ஓடினாள். ஷெட்டைத் தாண்டி, வராண்டாவில் ஏறி, ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு எல்லாம் தாண்டி ஓடினாள். அவள் பின்னால் தலைமுடியைவிட மெலிசாக ஒரு கண்ணாடி நூல் வெயிலில் மின்னிக்கொண்டே நீண்டது. அந்த நேரம் பார்த்துத் தன் அறையிலிருந்து வெளியே வந்தார் பெரிய டீச்சர். அதாவது எங்கள் தலைமையாசிரியை. கதர்ச் சேலை, கெட்டிக் கொண்டை, சிரித்தால் அபராதம் என்பதுபோல் ஒரு முகம். நூல் அவர் தோளில் போய் இறங்கியது. அவருக்கு அது தெரியவே இல்லை. பள்ளிக்கூடம் முழுக்கத் தன் தோளைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பது மட்டும்தான் தெரிந்தது.

"மேடம்! அசையாதீங்க! அறுந்துடும்!" என்று ஷெட்டிலிருந்து டீச்சர் அலறினார்.

ஏதோ பூச்சி என்று நினைத்து பெரிய டீச்சர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சிலையாக நின்றுவிட்டார். நாங்கள் நூலைப் பதமாக எடுத்து, கம்பில் சுற்றி, கண்ணாடி வளைகிறதே வளைகிறதே என்று கூத்தாடினோம். வெகுநேரம் கழித்துத்தான், "இன்னும் இருக்கிறதா?" என்று பெரிய டீச்சர் மெல்லக் கேட்டார். அவரிடம் சொல்ல எல்லோரும் மறந்துபோயிருந்தோம்.

அன்றைக்குத்தான் டீச்சர் அதைச் சொன்னார். "இந்த நூலு எவ்ளோ மெலிசா வரணும், எவ்ளோ சூடு வேணும், எவ்ளோ வேகமா இழுக்கணும், எல்லாத்தயும் ஒருத்தரு கணக்குப் போட்டு மெஷினு கட்டணும். அவருக்குப் பேருதான் இன்ஜினியரு."

இன்ஜினியர் என்றால் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். வருஷத்துக்கு ஒருமுறை ஜீப்பில் வந்து, ஆரணி ஆற்றுப் பாலத்தை இடுப்பில் கை வைத்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போகிற ஆள்.

"அதெல்லாம் ஆம்பளைங்க வேலதானே டீச்சர்?" என்று கேட்டேன்.

"உருகற கண்ணாடிக்கு அதெல்லாம் தெரியாதுடி வசந்தா" என்றார், நூலைச் சுற்றிக்கொண்டே.

எனக்கு அந்த இடத்திலேயே பைத்தியம் பிடித்துவிட்டது. இன்ஜினியர் ஆகாமல் சோறு இறங்காது என்று வீட்டில் போய்ச் சொன்னேன். "சோறு எறங்கலன்னா கூழு குடி" என்று அம்மா சொன்னாள்.

ஆனால் கூழைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. மெட்ராஸில் பெண்களுக்கென்று பாலிடெக்னிக் வந்துவிட்டது. அங்கே போக வேண்டுமானால் கடைசி வகுப்பில் சயின்ஸை விருப்பப் பாடமாக எடுத்திருக்க வேண்டும். சயின்ஸ் எடுக்க வேண்டுமானால் பள்ளிக்கூடத்தில் லேப் இருக்க வேண்டும். எங்களிடம் இருந்ததோ காலியாக ஒரே ஒரு அறை. அந்த அறைக்கு ஏற்கெனவே மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளைகள் வந்து இறங்கியிருந்தார்கள். நான்கு தையல் மெஷின்கள். கொடுத்தவர் பள்ளிக் கமிட்டித் தலைவரும் ரைஸ் மில் முதலாளியுமான நைனா. மஞ்சள் குங்குமம் வைத்துத் தன் மாட்டு வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கியிருந்தார். "பொண்ணுங்க தைக்கக் கத்துக்கட்டும், போற எடத்துல பேரு வரும்" என்பது அவர் கட்சி. பெரிய டீச்சரும் அதே கட்சி. 'தையல் அறை' என்று பலகைகூட எழுதி மாட்டியாகிவிட்டது.

உடைசல் டீச்சர் நைனாவிடம் போய் நின்றார். என்ன பேசினாரோ தெரியாது. நைனா கடைசியில், "சரிம்மா, ஆயுத பூஜ கழிச்சு ஒருநா வர்றேன். நீ இன்னா கிழிச்சிருக்கன்னு காட்டு. பாத்துட்டு ரூமு யாருக்குன்னு சொல்றேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அவ்வளவுதான், நாங்கள் வெறி பிடித்த மாதிரி வேலையில் இறங்கினோம். பாரிமுனையிலிருந்து கண்ணாடிக் குழாய்கள் வந்தன. மூர் மார்க்கெட்டிலிருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் பெரிய ரப்பர் கண்ணாடிகள் ஒரு மூட்டை வந்தன. புளோ லாம்ப் பக்கம் போகிறவள் அதை மாட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் டீச்சருக்குச் சாமி வந்துவிடும். தாவணி, இரட்டைப் பின்னல், மூஞ்சியில் பாதியை மறைக்கும் ரப்பர் கண்ணாடி. அந்தக் கோலத்தில் நாங்கள் வரிசையாக வெளியே வந்ததைப் பார்த்து, மில்லுக்கு நெல் கொண்டுவந்த மாடு ஒன்று வண்டியோடு திரும்பி ஓடியது.

வளைத்த குழாய், ஊதிய குடுவை, தானாகவே தண்ணீர் இறங்கும் சைஃபன் என்று என்னென்னவோ செய்தோம். செய்ததை உடனே வெளியே வைக்கக் கூடாது. கண்ணாடி மெதுவாக ஆற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளுக்குள் விறைத்துக்கொண்டு, பிறகு ஒரு நாள் காரணமே இல்லாமல் வெடிக்கும். அதற்கு டீச்சர் கண்டுபிடித்த இடம் நைனாவின் மில்லுக்குப் பின்னால் இருந்த உமிச் சாம்பல் மேடு. மேலே ஆறின மாதிரி இருக்கும், உள்ளே நாள் கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். அதன் வயிற்றுக்குள் எங்கள் சொத்து முழுவதையும் புதைத்து, மேலே ஒரு குச்சி நட்டு வைத்தோம். "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா? தொட்டீங்க, கைய ஒடச்சுடுவேன்" என்றார் டீச்சர்.

இதற்கு நடுவில்தான் வால்முத்து வந்து எங்களைக் கெடுத்தது.

குச்சியின் நுனியை உருக்கி, சொட்டாக ஒரு வாளித் தண்ணீரில் விழவிடுவார் டீச்சர். பெரும்பாலும் பட்டென்று சிதறிவிடும். எப்போதாவது ஒன்று தப்பிப் பிழைக்கும். புளியங்கொட்டை அளவில் ஒரு தலை, அதிலிருந்து மெலிசாக வளைந்துபோகும் ஒரு வால். வால்முத்து என்று நாங்கள்தான் பெயர் வைத்தோம். அதன் தலையைச் சுத்தியலால் அடித்தால் உடையாது. வால் நுனியைக் கிள்ளினால் மொத்தமும் சர்க்கரைத் தூளாக வெடித்துவிடும்.

"ஏன் டீச்சர்?"

"தண்ணியில வுழுந்ததும் மேல்தோலு டக்குனு ஆறி இறுகிப் பூடுது. உள்ள இருக்கறது அப்பறமா ஆறி, சுருங்கி, தோல உள்ளாற இழுத்துக்கினே இருக்குது. கூட்டுக் குடும்பம் மாரி வெச்சுக்கயேன். உள்ள இழுக்கறவங்க இழுக்கறாங்க, நெருக்கறவங்க நெருக்கறாங்க. வெளியாளு வந்து இன்னா அடி அடிச்சாலும் ஒண்ணும் ஆவாது. வாலப் புடிச்சு ஒருத்தரு கிள்ளுனாப் போதும், பாகப் பிரிவினதான்."

கிள்ளுவதற்கு முறை இருந்தது. கண்ணாடி மாட்டி, கோணிக் கையுறை போட்டு, ஈரச் சாக்குக்குள் சுற்றி, குறடால் கிள்ள வேண்டும். 'டப்' என்று ஒரு அடக்கமான சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நாங்கள் அடிமையாகிவிட்டோம். ஒன்று கிள்ளினால் இன்னொன்று கிள்ளத் தோன்றும். டீச்சர் நைனாவுக்குக் காட்டுவதற்கென்று வாரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த வால்முத்துகளை, அவர் ரயிலுக்குப் போன பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முடித்துக்கொண்டிருந்தோம். இதில் நான்தான் முதல் ஆள், ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை. அப்படி ஒரு சுகம் அது.

ஒரு நாள் கன்னியம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. "சாக்கு எதுக்குடி? தண்ணியில வெச்சுக் கிள்ளுனா இன்னும் பத்தரம்." தண்ணீர் நிறைந்து பக்கத்தில் இருந்தது பெரிய டீச்சர் குடிக்கிற மண்பானை. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மட்டும் வெளியே வைத்துக் கிள்ளினோம். வெடித்த வேகத்தைத் தண்ணீர் அப்படியே வாங்கிப் பானையிடம் கொடுத்துவிட்டது. பானை நாலாகப் பிளந்தது. வெள்ளம் வராண்டாவில் ஓடி, பெரிய டீச்சர் அறைக்குள் நுழைந்து, அவர் நாற்காலிக்கு அடியில் போய்த் தேங்கியது.

அரை மணி நேரத்தில் சைக்கிள் ஷெட்டுக்குப் பூட்டு. புளோ லாம்ப் பெரிய டீச்சரின் பீரோவுக்குள் கைதி. மறுநாள் டீச்சர் வால்முத்து டப்பாவைத் திறந்து பார்த்தார். உள்ளே பஞ்சுக்கு நடுவில் ஒரே ஒரு வால்முத்து மிச்சமிருந்தது. எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தோம்.

"எல்லாத்தயும் கிள்ளிட்டீங்களா?"

"ஆமா டீச்சர்."

"நல்லா வெடிச்சுதா?"

"சூப்பரா வெடிச்சுது டீச்சர்."

"என்னையும் கூப்ட்டிருக்கலாம்ல" என்றார், உண்மையான வருத்தத்தோடு. பிறகு, "போனாப் போவுது. சாம்பல்ல அவ்ளோ சாமானு கீது, அத்தக் காட்டி ஜமாச்சுடலாம்" என்றார்.

நைனா வருகிற நாள் வந்தது. கமிட்டித் தலைவர் வருகிறார் என்று பெரிய டீச்சர் பள்ளிக்கூடத்தையே தலைகீழாகத் துடைக்கச் சொல்லியிருந்தார். பித்தளை மணி, குத்துவிளக்கு, குடம், தாம்பாளம் எல்லாம் பளபளவென்று தேய்க்க வேண்டும் என்று ஆயாவுக்கு உத்தரவு. பித்தளை தேய்க்கப் புளியும் சாம்பலும் வேண்டும். சாம்பலுக்கு ஆயா எங்கே போவாள்? விடியற்காலையில் மில் மேட்டுக்குப் போய், மண்வெட்டியால் நல்ல பொடிச் சாம்பலாகப் பார்த்து, நடுவயிற்றிலிருந்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். நாங்கள் நட்ட குச்சியை, சாம்பலோடு சேர்ந்து வந்த விறகு என்று அடுப்பில் வைத்தும் விட்டாள்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது, மூடியிருந்த சாம்பல் போய், பனிக்காற்றில் எங்கள் சொத்து 'டிங், டிங்' என்று ஒன்றன் பின் ஒன்றாக விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. குடுவை போயிற்று. சைஃபன் போயிற்று. கேட்க இனிமையாகத்தான் இருந்தது. கன்னியம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. பாலிடெக்னிக் போய்விட்டது, இனிமேல் தாவணிக்கு ஓரம் அடிக்க வேண்டியதுதான் என்று நின்றேன். டீச்சர் மட்டும் விரிசல் விழுந்த குடுவையைத் தூக்கிப் பார்த்து, "இன்னா அழகா..." என்று ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நைனா வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், பின்னால் தாம்பாளத்தோடு மில் ஆள் ஒருவர். தாம்பாளத்தில் சந்தனம், குங்குமம், கற்பூரம், பூ. அது இல்லாமல் நைனா எங்கேயும் வெளியே கிளம்ப மாட்டார். மில்லில் புது பெல்ட் மாட்டினாலும் பூஜை, லாரிக்கு டயர் மாற்றினாலும் பூஜை. ஊரே அப்படித்தான், நைனா கொஞ்சம் கூடுதல்.

"இன்னாம்மா டீச்சரம்மா, எங்க ஒன் கண்ணாடி சாமானுங்க?"

டீச்சர் டப்பாவைத் திறந்து நீட்டினார். நைனா எட்டிப் பார்த்தார். டப்பாவைத் திருப்பி அடியிலும் பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாங்க. ஆனா இத சுத்தியால அடிச்சாலும் ஒடையாது."

நைனா சிரித்தார். கூட வந்தவரும் சிரித்தார். ஊர்வாயை மூட முடியாது, அதற்குள் மில் ஆட்கள், கடைக்காரர்கள், அந்த இரண்டு விளக்கெண்ணெய் அம்மாக்கள் எல்லோரும் சுவரோரம் கூடியிருந்தார்கள். நைனாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "சரி, பந்தயம். இது ஒடைஞ்சா ரூமு தையலுக்கு. ஒடையலன்னா ரூமு உனக்கு. வாக்கு மாற மாட்டேன்."

"சரிங்க" என்றார் டீச்சர். பிறகு என் பக்கம் குனிந்து, "வசந்தா, இதுல உள்ளாற ஒரு குமிழி கீதுடி. கொஞ்சம் சந்தேகம்தான்" என்று காதில் சொன்னார்.

நைனாவுக்கு ரப்பர் கண்ணாடி மாட்டிவிட்டோம். நாமத்துக்குக் கீழே அது சரியாகப் பொருந்தியது. கோணிக் கையுறையும் மாட்டினோம். முன்வரிசைக்கு மிச்சக் கண்ணாடிகளைக் கொடுத்தோம். பெரிய டீச்சரும் ஒன்றை வாங்கி, கொண்டை கலையாமல் மாட்டிக்கொண்டார். மில்லிலிருந்து வந்த இரும்புக் கட்டையில் வால்முத்துவைப் படுக்க வைத்து, வாலுக்கு அடியில் பஞ்சு வைத்தார் டீச்சர்.

நைனா முதலில் தட்டினார். ஒன்றுமில்லை. ஓங்கி அடித்தார். சுத்தியல்தான் துள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு, கிணறு வெட்டுகிற மாதிரி ஒரு போடு போட்டார். கட்டை 'ணங்' என்று அலறியது. வால்முத்து அங்கேயே, எதுவும் நடக்காத மாதிரி கிடந்தது. கூட்டம் கூச்சல் போட்டது. கன்னியம்மா என்னைத் தூக்கிச் சுற்றினாள். அந்த நேரம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

நைனா சுத்தியலைக் கீழே போட்டார். வால்முத்துவையே பார்த்தார். கையுறையைக் கழற்றாமலே கும்பிட்டார். "யப்பா... இது கண்ணாடி இல்ல. இதுல இன்னாமோ சக்தி கீது. டேய், தாம்பாளத்த எடு!"

யாரும் தடுக்கும் முன்பே வால்முத்துவின் தலையில் சந்தனம் வைத்தார். அதற்கு மேல் குங்குமம் வைத்தார். கற்பூரத்தைச் சுற்றிக் காட்டினார். கூட்டத்தில் பாதி கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிறகு பூச்சரத்திலிருந்து ஒரு முழம் கிள்ளி, பக்தியோடு குனிந்தார்.

"நைனா! வாலு! வாலு மேல வெக்காதீங்க!" என்று டீச்சர் கத்தினார்.

வால் மேல்தான் வைத்தார். பூ மாட்ட வேறு இடம் அதில் ஏது?

'டப்!'

சுத்தியலுக்கு மசியாதது மல்லிகைப் பூவுக்கு மசிந்துவிட்டது. புகைபோல ஒரு வெள்ளைத் தூள் கிளம்பியது. சந்தனமும் குங்குமமும் பூவும் தெறித்து நைனாவின் முகம், மார்பு, வேட்டி எல்லாம் அபிஷேகம். கண்ணாடியும் கையுறையும் இருந்ததால் ஒரு கீறல்கூட இல்லை. இரும்புக் கட்டை மேல் ஒன்றுமே இல்லை.

பெரிய டீச்சர்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "உடைந்துவிட்டது ஐயா. பேச்சுப்படி..."

"ஆமா" என்றார் நைனா. "ஒடைஞ்சா தையலுக்குன்னு சொன்னேன். ஒடைஞ்சு பூடுச்சு. வாக்கு வாக்குதான். ரூமு தையலுக்கு."

என் காதில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. எனக்கு பாலிடெக்னிக்கைவிட அதுதான் தாங்கவில்லை.

நைனா கண்ணாடியைக் கழற்றவில்லை. இரும்புக் கட்டையைத் தடவிப் பார்த்தார். கீழே குனிந்து தேடினார். நிமிர்ந்தார். "அது கெடக்கட்டும். இன்னொண்ணு குடும்மா."

"இன்னொண்ணு இல்லீங்க."

"இல்லன்னா? பண்ணு."

டீச்சர் தலையை நிமிர்த்தினார். கண்ணில் அந்தப் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. "பண்ணலாங்க. ஆனா புளோ லாம்ப்பு பெரிய டீச்சர் பீரோவுல கீது. ஷெட்டும் பூட்டிக் கீது. மரத்தடியில பண்ணா காத்து வுடாது. நாலு செவுரு வேணும், ஒரு கதவு வேணும், தண்ணி வெக்க எடம் வேணும். எங்க போறதுங்க?"

நைனா அறையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். வாக்கையும் ஆசையையும் தராசில் வைத்து அவர் பட்ட பேஜாரு சந்தனத்தை மீறி முகத்தில் தெரிந்தது. கடைசியில் தொடையைத் தட்டினார்.

"ரூமு தையலுக்குத்தான், அதுல மாத்தமில்ல. பலகை அங்கயே இருக்கட்டும். ஆனா மெஷினு எதுக்கு உள்ள புழுங்கிக்கினு கெடக்கணும்? காத்தோட்டமா வராண்டாவுல போட்டுத் தைக்கட்டும். ரூமு சும்மா இருக்கற நேரத்துல நீ உள்ள உன் வேலயப் பாரு."

"ரூம் எப்போது சும்மா இருக்கும் ஐயா?" என்று கேட்டார் பெரிய டீச்சர்.

"எப்பவுந்தான்" என்றார் நைனா.

பெரிய டீச்சர் ரப்பர் கண்ணாடியை மெதுவாகக் கழற்றி, துடைத்து, திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "அடுத்தது செய்யும்போது எனக்கும் சொல்லியனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படித்தான் 'தையல் அறை' என்ற பலகைக்கு அடியில் எங்கள் லேப் பிறந்தது. லேப் இருக்கிறதா என்று சோதிக்க வந்த அதிகாரி பலகையையும் உள்ளே இருந்த புளோ லாம்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதையோ எழுதி, எதையோ அடித்து, கடைசியில் கையெழுத்துப் போட்டார். வராண்டாவில் தைத்தவர்கள் எங்களுக்குக் கையுறையும் ஏப்ரனும் தைத்துக் கொடுத்தார்கள். நைனா வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, "இன்னிக்கி வெடி இன்னாம்மா?" என்று கையை நீட்டுவார். கன்னியம்மாவும் நானும் பாலிடெக்னிக் போனோம். படித்துவிட்டுத் திரும்பியபோது கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை நிஜமாகவே வந்திருந்தது. ஒரு தொழிற்சாலையில் உலைப் பிரிவில் எனக்கு வேலை. உருகின கண்ணாடிக்கு நான் பெண் என்று கடைசிவரை தெரியவே இல்லை. டீச்சர் சொன்னது சரிதான்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, நாங்கள் பரீட்சை எழுதி முடித்த கையோடு, டீச்சருக்கு நெய்வேலிப் பக்கம் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வழியனுப்ப ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம், ரப்பர் கண்ணாடியும் கையுறையுமாக. டீச்சர் ஆளுக்கு ஒரு வால்முத்து கொடுத்தார். "அழுதுக்கினு நிக்காதீங்கடி, பாக்க நல்லா இல்ல. வண்டி கெளம்பறப்ப எல்லாரும் ஒண்ணா கிள்ளுங்க. அந்தச் சத்தத்தக் கேட்டுக்கினே போறேன்" என்றார்.

விசில் ஊதியது. ஈரச் சாக்குத் துண்டுகளுக்குள் 'டப், டப், டப்' என்று பிளாட்பாரம் முழுக்க வெடித்தது. பெரிய டீச்சர் கையிலும் ஒன்று வெடித்தது. ஜன்னலில் டீச்சர் கைதட்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, வளைவில் மறைந்தார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. என் கண்ணாடிக்குள் எல்லாம் ஆவி படிந்திருந்தது.

வெடித்தவற்றில் ஒன்று குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை. அத்தனை கிள்ளிய எனக்கு அதை மட்டும் கிள்ளக் கை வரவில்லை. இன்றைக்கும் என் பீரோவில், பவுடர் டப்பாவுக்குள், பஞ்சுக்கு நடுவில் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். சந்தேகம் இருந்தால் சுத்தியலால்கூட அடித்துப் பாருங்கள், ஒன்றும் சொல்ல மாட்டேன். வாலை மட்டும் யாரும் தொடக் கூடாது.